அலமாரி நிறைய கைவினை கிட். ஒன்றைக்கூட மகள் முடிப்பதில்லை!

மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். மூத்தவளுக்கு ஒன்பது வயது, படிப்பில் கெட்டிக்காரி. போனை விட்டுவிட்டுக் கையால் ஏதாவது செய்யட்டும் என்று பிறந்தநாள், விடுமுறை என ஒவ்வொரு சமயத்திலும் அவளுக்குக் கைவினை கிட் வாங்கித் தருகிறார். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் என்பதால் ‘12 வயதுக்கு மேல்’ என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குகிறார். பெட்டியைப் பிரிக்கும் அன்று மகள் ஆசையாக உட்காருகிறாள். படத்தில் இருப்பதுபோல வரவில்லை என்றதும் அழுகை. அதோடு பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. பேட்டரி விளக்கு எரியும் காகிதக் கூண்டு ஒன்று, திரவமாக ஊற்றி இறுகவைத்து நகை செய்யும் ரெசின் கிட் ஒன்று எனப் பல அங்கே கிடக்கின்றன.

கடைசியாக வாங்கியது, காகிதப் பட்டைகளைச் சுருட்டிப் பூ செய்யும் க்வில்லிங் கிட். இதழ்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். அவள் தூங்கிய பிறகு அம்மாவே உட்கார்ந்து முடித்து மேசையில் வைத்திருக்கிறார். காலையில் பார்த்த மகள், “இது நான் செஞ்சது இல்லையே” என்று சொன்னவள், அதைத் தொடக்கூட இல்லையாம். முடித்தால் அரை மணி நேரம் போன் தருவதாகச் சொன்னதும் பலிக்கவில்லை.

அடுத்தவனுக்கு ஏழு வயது, இடக்கைப் பழக்கம். கத்தரிக்கோலை எடுத்தாலே காகிதம் மடங்கிக் கிழிகிறது. “எனக்கு இதெல்லாம் வராதும்மா” என்று ஒதுங்கிவிடுகிறான். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள் போகிறது. கணவரோ, “இந்த வெட்டிச் செலவை நிறுத்து, வாங்குவதானால் அறிவியல் கிட் மட்டும் வாங்கு” என்கிறார். மகளுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனச்சிதறலும் மிகையான துறுதுறுப்பும் உள்ள நிலை) இருக்குமோ, எந்த கிட் வாங்கினால் முடிப்பாள், அல்லது வாங்குவதையே நிறுத்திவிடலாமா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது காத்திருக்கக் கூடாதது.

முதலில் கீழ்த்தட்டைக் காலி செய்யுங்கள்

அந்தப் பெட்டிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்தும் நடந்தும் எட்டுகிற இடம் அது. விளக்கு எரியும் கிட்களில் பெரும்பாலும் தட்டையான பட்டன் பேட்டரிதான் இருக்கும். சுமார் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் பேட்டரி ஒரு சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், ‘மலத்தில் வந்துவிடும்’ என்று காத்திருக்காமல், உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

சிறிய, பலமான காந்தங்களும் இதே வரிசையில் வருபவை. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடல் சுவரைத் துளைத்துவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருத்துக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் அவை தெரியாமல் போவதும் உண்டு. இந்த மூன்றில் ஒன்று உள்ள எந்த கிட்டும் கடைக்குட்டி வளரும்வரை உங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம். இருக்கும் பேட்டரிகளை இன்றைக்கே எடுத்து, பூட்டுகிற இடத்தில் வையுங்கள்.

பெட்டியில் ‘நச்சற்றது’ என்று இருந்ததால் கவலைப்படவில்லை என்கிறீர்கள். அந்தச் சொல் பொருளில் விஷம் இல்லை என்பதைத்தான் சொல்கிறது. தொண்டையில் அடைக்காது, தோலில் ஒவ்வாமை வராது, கண்ணில் பட்டால் எரியாது என்ற உறுதி எதுவும் அதில் இல்லை.

ரெசின் கிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுகாத ரெசின் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். பிற்காலத்தில் பல் மருத்துவப் பசைகள், நகப்பூச்சு வகைகள் போன்றவற்றிலும் தொல்லை தரும். ஒன்பது வயதுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வயதுக் குறிப்பு அறிவுக்கான மதிப்பெண் அல்ல

மகள் கெட்டிக்காரி, அதனால் 12 வயதுக்கானதை வாங்கினேன் என்கிறீர்கள். நிறையப் பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் எண் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. ஒன்று ஆபத்து. சிவப்பு வட்டத்துக்குள் பிள்ளை முகமும் 0-3 என்ற எண்ணும் போட்டு, குறுக்கே கோடிட்டிருந்தால், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையில் அதைத் தரக் கூடாது என்று பொருள். பெரும்பாலும் அதிலுள்ள சிறிய பாகங்கள்தான் காரணம். எவ்வளவு புத்திசாலிக் குழந்தையாக இருந்தாலும் தொண்டையின் அகலம் மாறப்போவதில்லை.

இன்னொன்று கையின் பக்குவம். ஒன்பது வயதுப் பெண் ஏழாம் வகுப்புக் கணக்கைப் போட்டுவிடலாம். ஆனால் விரல் நுனிகளின் பிடி, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற உணர்வு இவையெல்லாம் பாடப் புத்தகத்தோடு சேர்ந்து முன்னால் ஓடுவதில்லை. பழகப் பழகத்தான் வரும். உங்கள் மகளுக்குப் படத்தைப் பார்த்ததும் எப்படி வர வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது, கை அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும், ஏனென்றால் அவர்களுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

இந்த ஒன்றையும் கவனியுங்கள். பொம்மைகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 8124 பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருள்களுக்கானது. ‘14 வயதுக்கு மேல்’ என்று போட்டு வரும் கிட் பொம்மைக்கான சோதனை எதையும் கடக்காமலேயே கடைக்கு வந்திருக்கலாம்.

ஏ.டி.ஹெச்.டி. பயம்

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கம் கை காட்டும் அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த முடிவுக்கு வர, கவனச்சிதறலோ அளவுக்கு மீறிய துறுதுறுப்போ பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். உங்கள் மகள் பள்ளியில் உட்கார்ந்து படிக்கிறாள், வீட்டுப்பாடம் முடிக்கிறாள், கதைப் புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்கிறாள். கைவினை கிட்டில் மட்டும் எழுந்து போகிறாள் என்றால், கிட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன். பள்ளியிலிருந்தும் இதே புகார் வந்தால் மட்டும் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த க்வில்லிங் கிட்டையே எடுத்துக்கொள்வோம். காகிதப் பட்டையைக் கருவியின் பிளவில் செருகிச் சுற்றுகிறோம். கருவியிலிருந்து உருவி விரலைத் தளர்த்தியதும் சுருள் தன் போக்கில் விரிகிறது. எந்த இடத்தில் பிடித்து நிறுத்தி நுனியில் பசை வைக்க வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்ல வேண்டும். எட்டு இதழும் ஒரே அளவில் வர, பழகிய கைக்கே நேரம் பிடிக்கும். வட்ட ஓட்டைகள் போட்ட ஒரு அளவுப் பலகை இருந்தால், சுருளை அதற்குள் விட்டுவிடலாம். ஓட்டையின் அளவுக்கு விரிந்து தானாக நிற்கும். விலை குறைந்த கிட்களில் அந்தப் பலகை இருக்காது. அது இல்லாமல் படத்தில் இருப்பதுபோல ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை முதல் நாளே செய்ய முடியாது. அவள் அழுததில் அவள் குறை எதுவும் இல்லை.

நீங்கள் முடித்து வைத்தது

இதைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். அலுப்போடு கண்விழித்து, மகள் சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்தீர்கள். ஆனால் காலையில் அவள் அந்தப் பூவில் பார்த்தது, ‘உன்னால் முடியாததை அம்மா சரி செய்துவிட்டேன்’ என்ற செய்தியை. தான் செய்யாத ஒன்றைத் தன்னுடையது என்று ஏற்க மறுத்திருக்கிறாள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன், நீங்களும் அவளிடம் அதைச் சொல்லுங்கள். இனி அவள் விட்ட இடத்தில் அப்படியே இருக்கட்டும். உதவி கேட்டால் உங்களுக்கென்று தனியாக ஒரு பட்டையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக் காட்டுங்கள். அவளுடைய வேலையில் கை வைக்காதீர்கள்.

போன் ஆசை காட்டுவதையும் நிறுத்திவிடலாம். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு பரிசு இல்லாத நேரத்தில் மற்ற பிள்ளைகளைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தக் குறைவு தெரியவில்லை. ஆசை காட்டி வாங்கும் வேலையில், வேலை பரிசுக்கான சுங்கமாகிவிடுகிறது. ஒருநாள் நன்றாகச் செய்து முடித்தபின் சந்தோஷத்தில் எல்லோரும் சேர்ந்து வெளியே போனால் அதில் தவறில்லை; முன்கூட்டியே பேரம் பேசுவதைத்தான் விடச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் பிள்ளைக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது?

வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும் என்று நான் நினைக்கிறேன். சில கிட்களில் எல்லாம் வெட்டி, அச்சிட்டு, ஒட்டும் இடத்தில் எண் போட்டு வந்துவிடும். எண்ணுக்கு எண் ஒட்டினால் வேலை முடிந்தது. பத்துப் பிள்ளைகள் செய்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் படத்தோடு ஒப்பிட்டு மனம் உடைகிறது. வேறு சிலவற்றில் பொருள் மட்டும் இருக்கும், வழி இருக்காது. பழக்கமில்லாத பிள்ளை திகைத்து நிற்கும். உங்கள் மகளுக்கு வேண்டியது நடுவில் இருப்பது: ஒரே ஒரு நுட்பத்தைச் சொல்லித் தந்து, அதை வைத்து என்ன செய்வது என்பதை அவளிடமே விடும் கிட். நெய்யும் சிறு தறி, மணி கோர்ப்பது, பெரிய கண்ணுள்ள ஊசியும் கட்டம் தெரியும் துணியும் வைத்த தையல், சூளை இல்லாமல் காற்றிலேயே காயும் களிமண், எளிய அச்சுக்கட்டை. இவற்றில் ‘தப்பாக வந்தது’ என்று எதையும் சொல்ல முடியாது, நிறம் மாறினால் அது அவளுடைய நிறம்.

கடையில் நிற்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். பத்துப் பதினைந்து வேலைகள் செய்யலாம் என்று முன்பக்கம் சொல்லும்; பொருள் இரண்டுக்குத்தான் காணும். ஒருமுறை கெட்டால் மறுபடி செய்யப் பொருள் மிச்சமிருக்குமா என்று கேளுங்கள். தோற்றால் சரிசெய்யவே முடியாது என்கிற கிட் உங்கள் மகள் போன்ற பிள்ளைக்கு வேதனைதான். முதல் உருப்படி ஒரே அமர்வில், அரை மணி முதல் முக்கால் மணிக்குள் முடிகிறதா என்பதும் முக்கியம். பசை காய ஒரு நாள் காத்திருக்க வேண்டியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொருள் தீர்ந்ததும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வாங்கியாக வேண்டுமா, சாதாரண நூலும் காகிதமும் போதுமா என்றும் பாருங்கள். இரண்டாவது வகைதான் வீட்டில் நிலைக்கும்.

மாதாமாதம் வீட்டுக்கு வரும் சந்தா கிட்டும் யோசிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முந்தையது முடியும் முன்பே அடுத்தது வாசலில் வந்து நிற்கும். பாதியில் விட்டவளுக்கு அது இன்னொரு கடன் மாதிரி ஆகிவிடும்.

உங்கள் மகன்

அவனிடம் நல்ல இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரக்கூடும். சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டும்போது வலக்கையின் விரல்கள் இயல்பாகக் கொடுக்கும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் சேர்த்து நெருக்கும். அதையே இடக்கையில் பிடித்தால் அந்த அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும்; காகிதம் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். அதோடு, மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்வதால் எங்கே வெட்டுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. இடக்கைக் கத்தரிக்கோலில் அலகுகளே இடம் மாறியிருக்கும். கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டு ‘இரு கைக்கும்’ என்று விற்பது பயன்படாது. வாங்கும்போது விரித்துப் பாருங்கள்: நுனி மேல்நோக்கி இருக்க, எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலே வரும் அலகு இடப்பக்கம் இருக்க வேண்டும். கையை மாற்றச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

கெட்டியான காகிதத்தில் நேர்க்கோடு, பிறகு வளைவு என்று கொஞ்ச நாள் வெட்டிப் பழகட்டும். அதன் பிறகும் தடுமாறினால், சட்டை பொத்தான் போடுவது, ஷூ லேஸ் கட்டுவது, எழுதுவது, பந்து பிடிப்பது ஆகியவற்றிலும் வயதுக்கு மீறிய சிரமம் தெரிகிறதா என்று பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றில் ஐந்தாறு பேருக்குக் கை கால் ஒருங்கிணைப்பு வளர்வதில் சிரமம் இருக்கிறது. சோம்பேறி, அக்கறை இல்லாதவன் என்று பெயர் வாங்கி வாங்கியே அவர்களில் பலர் வளர்கிறார்கள். செயல்முறைச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) நிறைய உதவ முடியும். அதற்கு முன் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அருகில் இருப்பது மங்கலாகத் தெரிந்தாலும் பிள்ளை இந்த வேலைகளிலிருந்து நழுவும். நிறம் பிரித்தறிய முடியாத குறை ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து வழி சொல்லும் கிட்டில் அவன் குழம்பினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிவியல் கிட் மட்டும் போதுமா?

செலவைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெட்டியில் அறிவியல் என்று போட்டிருப்பதால் மட்டும் அதன் மதிப்பு கூடிவிடாது. தறியில் ஒரு நூல் விட்டு ஒரு நூல் எடுத்து நெய்கிறவள் எண்ணுகிறாள், வரிசையைக் கணிக்கிறாள், தப்பு எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடுகிறாள்; இதுவும் படிப்புதான். அறிவியல் கிட்டில் அவளுக்கு ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். படிகம் வளர்ப்பதானால் படிகாரம் வைத்தது நல்லது, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வைத்தது வேண்டாம், விழுங்கினால் விஷம். அச்சு எடுக்கும் கிட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருந்தால், கலக்கிய மாவுக்குள் கையை அமிழ்த்தி வைக்கவே கூடாது. இறுகும்போது சூடேறி ஆழமான தீப்புண் வரும். பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னில் குறைந்த வெப்ப வகையே சுமார் 120 டிகிரி செல்சியஸ் தொடும், அதைப் பெரியவர் கையில்தான் தர வேண்டும். இவற்றைச் செய்யும் நேரத்தில் கடைக்குட்டி வேறு அறையில் வேறொருவரோடு இருக்கட்டும்.

அலமாரியில் இருப்பவை

வாங்குவதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பாதியில் நிற்கும் பெட்டிகளை ஒரு விடுமுறை நாளில் மகளோடு உட்கார்ந்து பிரியுங்கள். தொடர விருப்பமுள்ளதை அவளே எடுத்து வைக்கட்டும், ஒன்றுகூட இல்லை என்றாலும் சரி. ‘இவ்வளவு காசு போட்டு வாங்கினேனே’ என்ற பேச்சை அன்று மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் உடைத்து மணி, நூல், அட்டை, துணி எனத் தனித்தனி டப்பாவில் போட்டு, அக்கா தம்பி யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டுவிடுங்கள். மணியும் ஊசியும் மட்டும் மேல்தட்டில், மூடி திருகும் டப்பாவில். அந்த டப்பாக்களிலிருந்து அவள் எதை அடிக்கடி எடுக்கிறாள் என்று ஓரிரு மாதம் கவனியுங்கள். நூலையே எடுத்தால் தறி, களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தால் மண் வேலை. அடுத்த பிறந்தநாளுக்கு எதை வாங்குவது என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்; கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.